அக்காவை மஞ்சளாக்கிய புரோகிராம்

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில், கிள்ளானிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போன காலத்தில், கம்ப்யூட்டர் உலகத்தைக் கரைசேர்க்க வந்தவன் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. இறுதியாண்டு புரோஜெக்ட் இதுதான்: இரண்டு கலர் படங்களைக் கொடுத்தால், இதில் உள்ள புள்ளி அதில் எங்கே இருக்கிறது என்று புரோகிராம் கண்டுபிடித்துக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். எல்லாரும் நிறத்தை எடுத்துவிட்டு, படத்தைச் சாம்பலாக்கித்தான் பொருத்துவார்கள். நான் நிறத்தை வைத்தே பொருத்திக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். சாம்பலை ஜெயிக்காவிட்டால் இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கலாம் என்றார் லெக்சரர், சிரித்துக்கொண்டே.

படத்துக்கு எங்கே போவது? பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த அக்காவின் கல்யாண ஆல்பத்திலிருந்து, அவள் மணவறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு படங்களை உருவி ஸ்கேன் செய்தேன். கல்யாணத்தன்று காலையில் நான் லேபில் புரோகிராமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்து, இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். எவ்வளவு பொறுப்பான தம்பி!

முதல் படத்தில் அக்காவின் புடவை மஞ்சள். இரண்டாவதில் அரக்கு. ஸ்டூடியோக்காரன் படம் கழுவும்போது சொதப்பிவிட்டான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். சும்மா விடுவேனா? அரக்கை மஞ்சளாக்க ஒரு மாதம் உட்கார்ந்து நிறத்தைத் திருத்தினேன். அக்கா மஞ்சளானாள். கூடவே மாப்பிள்ளையும் ஐயரும் காமாலை வந்தவர்கள் மாதிரி ஆனார்கள். அப்படியும் முதல் படத்து அக்காவிடமிருந்து புறப்பட்ட கோடுகள், இரண்டாவது படத்தில் மஞ்சள் புடவையோடு பின்னால் நின்ற சின்னம்மாவிடம் போய்ச் சேர்ந்தன. ஐம்பது வயதுச் சின்னம்மாவுக்கு என் புரோகிராம் கல்யாணமே செய்துவைத்துவிட்டது. சாம்பல் முறையோ நெற்றிச்சுட்டி, மூக்குத்தி என்று அக்காவை ஒழுங்காகப் பிடித்தது.

பிரசென்டேஷனில் இவை அக்கா கல்யாணப் படங்கள் என்று சொல்லிவிட்டு, பழியைத் தூக்கி ஸ்டூடியோ மேல் போட்டேன். தேர்வாளர்களில் ஒருவரான தமிழ் மேடம் திரையை உற்றுப் பார்த்தார். சபை என்றும் பாராமல் தமிழிலேயே கேட்டார்.

"தம்பி, இது கூறை மாத்துனதுக்கு அப்புறம் எடுத்த படம் லா. நீ கல்யாணத்துக்கே போகலையா?"

ஐயோ! தாலி கட்டுவதற்கு முன் பெண் உள்ளே போய்க் கூறைப்புடவை மாற்றிக்கொண்டு வருவாள் என்பது நம்மில் யாருக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். ஒரு மாதம் அந்தப் படத்தையே முறைத்துக்கொண்டிருந்த அறிவாளிக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான். ஃபெயில்.

அன்று மாலையே வேறு படம் கேட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கூறை மாத்திட்டு வெளிய வந்ததும் உன்னத்தான் தேடுனேன். ஓமத்துல விட பொண்ணு கையில பொரி போடணுமே, கூடப்பொறந்த தம்பி எங்கன்னு ஐயர் ரெண்டு தடவ கேட்டாரு. கடைசியில சின்னம்மா மவனப் பிடிச்சுப் போட வச்சாங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா ஆல்பத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"எது வேணுமோ எடுத்துக்கோ. நீ எதுலயும் இல்ல."