பஸ்ஸோடு போன எங்கள் வீட்டுப் பேச்சு

திரையில் கட்டளை பிளாக்குகளை அடுக்கிக் கணினி விளையாட்டு செய்வதை, எட்டாவது படிக்கும் என் மகளோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்தான் என் முதல் புராஜெக்ட். கண்டக்டருக்கு நானே குரல் கொடுத்தேன். பெருமை தாங்காமல், எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் பகிர்ந்தும் விட்டேன்.

மூன்றாம் நாள், முகம் தெரியாத யாரோ கீழே எழுதியிருந்தார்கள்: "அக்கா, சவுண்டைக் கடைசிவரைக்கும் கேளுங்க."

கேட்டேன். "பெரம்பலூர் போலாம், ரைட்!" என்ற என் குரலுக்குப் பிறகு, பக்கத்து அறையில் போன் பேசிய மாமியாரின் குரல். "மவன் துபாய்ல இருக்கான். வூட்ல நாங்க பொம்பளைங்க மட்டுந்தான். பள்ளிவாசலுக்குப் பின்னால மூணாவது வூடு."

ஒலிப்பதிவின் கடைசிப் பகுதியை நான் வெட்டவே இல்லை. உடனே புராஜெக்டை அழிக்கப் போனேன்.

"அழிச்சா மட்டும் போதாதும்மா. யாரோ இதை ரீமிக்ஸ் பண்ணிருக்காங்க, பாரு" என்றாள் மகள்.

அந்தத் தளத்தில் யாரும் யாருடையதையும் எடுத்து, மாற்றி வெளியிடலாம். அந்தப் பிரதியை என்னால் அழிக்க முடியாது. அதைத் திறந்தேன்.

"பெரம்பலூர் போலாம், ரைட்!"

வேறொரு பெண்ணின் குரல். அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. குறிப்பில், "குரலை மட்டும் மாத்திட்டேன், இதை எடுத்துக்குங்க அக்கா" என்றிருந்தது. அதே கணக்குப் பெயர்; முதலில் எனக்கு எழுதியவளேதான்.

என்னுடையதை அழித்துவிட்டு, அவள் தந்ததை எடுத்துக்கொண்டேன். என் பஸ் இன்று அவள் குரலில்தான் கிளம்புகிறது. அவளுக்கு முன்னால் எத்தனை பேர் கேட்டார்களோ, தெரியாது. யாராவது கதவைத் தட்டினால், இப்போதும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.