தறிவீட்டில் ஒரு வெள்ளெலி

மண்பானையின் உட்புறத்தை நகத்தால் விடாமல் பிறாண்டும் சத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல் கூசும். "சரக் சரக்" என்று ஆரம்பித்து, சற்று நின்று, அப்பாடா என்று நாம் மூச்சுவிடும் நேரம் பார்த்து மறுபடி ஆரம்பிக்கும் அந்தச் சத்தத்தை, ஒன்பது வயதில், அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். பானைக்குள் இருந்தது ஒரு வெள்ளெலி. ஓரிடத்தில் ஒரு நிமிஷம் இருக்கமாட்டாத பிராணி அது. அதை வளர்த்த நானும் அப்படித்தான் என்பாள் அம்மா.

அது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். நூலுக்குக் கட்டுப்பாடு வந்திருந்தது. எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம், அப்பாவை "நாயனா" என்போம். நாயனா நாள்கணக்கில் அலைந்து ஒரு பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளுக்கு, வேண்டிய "கண்ட்ரோல் நூல்" வாங்கி வந்தால், அதை நெய்து முடிக்கும்வரைதான் வீட்டில் சோறு நிச்சயம். அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்திக்கு எலி வளர்க்க ஆசை வந்தது என்றால் அவளை என்ன சொல்வது!

ஆசையைக் கிளப்பிவிட்டவள் பாளையம்பட்டியிலிருந்து விறகுக்கட்டோடு வரும் கருப்பாயி. சோளம் அறுத்த கரிசல் காட்டில் அவள் வீட்டார் எலிவளை வெட்டுவார்கள். வளைக்குள் எலி சேர்த்துவைத்த கதிரும் கிடைக்கும், எலியும் கிடைக்கும், இரண்டும் அன்றைய சாப்பாட்டுக்கு ஆகும். இதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. எங்கள் தெருப் பெண்கள் முகம் சுளித்தால், "ஆடு கோழி மட்டும் என்ன வானத்துலருந்தா வருது?" என்று சிரிப்பாள். ஒரு தை மாதக் காலையில் அவள் முந்தியை அவிழ்த்துக் காட்டியபோது, உள்ளே ஐந்து குட்டிகள். வயிறு வெள்ளை, முதுகு காய்ந்த சோளத்தட்டை நிறம், வால் நுனியில் சின்னதாக ஒரு குஞ்சம்.

"ஒடுங்கிக் கெடக்கே, அதை எடுத்துராத பாப்பா. அது சவலை, ரெண்டு நாளு தாங்காது. கைய வச்சா எது துள்ளுதோ அதை எடு" என்றாள்.

கையை வைத்தேன். ஒன்று விரலைக் கடித்தது. அதையே எடுத்துக்கொண்டு "சுழியன்" என்று பெயரும் வைத்துவிட்டேன்.

"தறிவீட்டுல எலி வளக்கேன்னு சொல்றவ ஊரு உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றாள் அம்மா. நாயனா தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "வச்சுக்கோ. ஆனா பாவுல ஒரு இழைய அது கடிச்சாலும், அன்னைக்கே கருப்பாயி கையில குடுத்துருவேன். அழக் கூடாது." கருப்பாயி கைக்குப் போனால் அது அடுப்புக்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன்.

சுழியனுக்குச் சோளம் போட்டேன், வறுக்காத கடலை போட்டேன், கத்தரிக்காய்க் காம்பைக்கூட விட்டுவைக்கவில்லை. படுக்கை போட்டதில்தான் புத்தி கெட்டுப்போனது. விடியற்காலையில் எங்கள் தெருவில் பாவை நீளமாக விரித்துக்கட்டி, சோற்றுக் கஞ்சி தோய்த்து, காயக் காய நீவிவிடுவார்கள்; அப்போது அறுந்து விழும் நூல் துண்டுகளைப் பொறுக்கிவந்து பானைக்குள் மெத்தை போட்டேன். வேறு எந்தத் தெருப் பிள்ளையும் வைக்கோலைப் போட்டிருக்கும். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நூலைத் தவிர வேறொன்று தோன்றவில்லை. சுழியன் முதலில் அதில் படுத்தான். பிறகு அதைத் தின்ன ஆரம்பித்தான். கஞ்சி ருசியைக் காட்டி வளர்த்தவள் நான்தான்.

ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் எழுந்து பார்த்தபோது பானை மூடி விலகிக் கிடந்தது. சுழியன் தறியில், பாவின் மேலேயே உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தான். இருபது முப்பது இழைகள் அறுந்து தொங்கின. அவனைப் பிடித்துப் பானைக்குள் போட்டு, மூடிமேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்து முடிக்கவும் நாயனா வரவும் சரியாக இருந்தது.

"நாயனா, பெரிய எலி ஒண்ணு ஓடுச்சு. கூரை எலி. எம் பானை மூடித்தான் இருக்கு, பாருங்க."

அவர் பானையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், நம்பிவிட்டார். மத்தியானம்வரை குனிந்தபடி இழைக்கு இழை முடிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று நூல் எடுத்துக் கொடுத்தேன். என் மகளுக்குத்தான் என்ன பொறுப்பு என்று அவர் மெச்சிக்கொண்டது வேறு.

சாயங்காலமே பக்கத்து வீட்டில் எலிப்பொறி இரவல் வாங்கி, சுட்ட தேங்காய்ச் சில்லு மாட்டித் தறிக்கடியில் வைத்தார். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நடுவில் ஓடிவருவேன், சாப்பிடும்போது எழுந்து போவேன், பானை மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். அதைத் திறக்காமல் பார்க்க எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அப்படித்தான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர் எடுத்துவரக் கூப்பிட்டாள். மூடியை வைத்தேன். கல்லை வைக்க மறந்தேன்.

குடத்தோடு திரும்பி வாசலில் கால் வைக்கிறேன், உள்ளே "டப்" என்று ஒரு சத்தம்.

நாயனாதான் பொறியை வெளியே இழுத்தார். வால் நுனிக் குஞ்சத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். "நான்தான் கொன்னுட்டேன் அம்மாடி. வீட்டுல ஒரு சீவனை வச்சுக்கிட்டுப் பொறி வைக்கலாமா? எந் தப்பு. என்னைய மன்னிச்சுரு."

அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை. நான் சொன்னது பொய்யாக இருக்கும் என்று நினைக்க அவருக்குத் தெரியாது. நான் பெரிதாக அழுதேன். அழுதுகொண்டிருக்கும்வரை பேச வேண்டியதில்லை என்பது அந்த அழுகைக்கு நடுவிலேயே எனக்குப் புரிந்திருந்தது.

பாளையம்பட்டிப் பக்கம் வளை வெட்டு முடிந்துபோயிருந்ததால், அடுத்த வாரம் நாயனா தறியை ஒரு நாள் முழுக்க நிறுத்திப் போட்டுவிட்டு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும், புகை கக்கும் பஸ்ஸில் திருச்சுழிக்குப் போய், அங்கிருந்து பரளச்சிவரை நடந்து, வளை வெட்டுகிறவர்களைத் தேடிப்பிடித்து, துண்டில் ஒரு குட்டியை முடிந்துகொண்டு வந்தார். புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது. "இந்தா, இது அதைவிடத் துள்ளுது" என்று நீட்டினார். என்னால் அதைத் தொட முடியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எம்மேல இன்னும் கோவம் தீரலை புள்ளைக்கு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் அவரே அதைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டு வந்தார்.

அந்தக் காடுகளில் இப்போது சீமைக்கருவேல் அடைந்து கிடக்கிறது. சோளமும் இல்லை, வளை வெட்டுகிறவர்களும் இல்லை. வெள்ளெலி என்றால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு என்னவென்று தெரியாது. நாயனா நன்றாக வயதாகும்வரை இருந்தார். என் கல்யாணத்தின்போது என் வீட்டுக்காரரிடம், பிறகு என் பிள்ளைகளிடம், வந்து போன உறவுக்காரர்களிடமெல்லாம், "எம் மக ஆசையா வளத்த எலிய நான் கொன்னுட்டேன், இன்னும் அவ என்னைய மன்னிக்கலை" என்று சிரித்தபடி சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறந்தேன். காப்பி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் அதைச் சொல்லிச் சிரித்தார். நான் மன்னிக்கவில்லை என்று நம்பிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.