நிலாவை விட்டு விலகும் வழி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிணறு வெட்டுவது என் வேலை. இது நடந்த அன்று சங்கராபுரம் பக்கம் ஒரு கரும்புக் காட்டில் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். என் மகள் கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படித்தாள். மறுநாள் அவள் வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும். நிலாவைச் சுற்றும் விண்கலங்கள் வேலை முடிந்ததும் எப்படி விலகிப் போகின்றன என்பதுதான் பேச்சு. என்னைப் போலவே அவளுக்கும் நாலு பேரைக் கண்டால் நாக்கு எழாது. "நான் நாளைக்குப் போவலப்பா" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். பேசாவிட்டால் மதிப்பெண் கிடையாது. அவளுக்கு என்ன தைரியம் சொல்வது? நானும் அப்படிப்பட்டவன்தானே.

அன்று கல்லூரி விடுமுறை என்பதால் மதியம் அவள்தான் சோறு கொண்டுவந்தாள். நாங்கள் அடியில் இருந்தோம். கிணற்று மேட்டில் நிற்பவர் மெல்லப் பேசக் கூடாது. சோற்றுக் கூடை என்றாலும் சத்தம் போட்டுவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

"கூடை வர்து, ஓரம் போங்க!" என்று கத்தினாள்.

என் கூட்டாளி விடவில்லை. "இன்னா பாப்பா, இங்க இம்மாஞ் சத்தம் போடற, காலேஜ்ல ஊமையாமே! அந்த நிலா சமாச்சாரத்த எங்களுக்குச் சொல்லேன்."

"போங்க மாமா."

"சொன்னாத்தான் சோத்தத் தொடுவோம்."

கிணற்று இருட்டில் எங்கள் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, சொன்னாள்.

"அங்க காத்து இல்ல மாமா. பழசானது எரிஞ்சு போவாது. சுத்திக்கினே கெடக்கும். புதுசா வர்றது மேல மோதும், இல்ல எங்கியாவது வுழும்."

"வுழுந்தா வுழட்டும். அங்க யாரு வூடு கீது?"

"எறங்கின மிஷினுங்க கீது. நாளைக்கு ஆளுங்களும் இருப்பாங்க. அதான் கடைசி எரிபொருளத் தொடாம வெச்சிருக்கணும். அத வெச்சு, ஒண்ணும் இல்லாத எடமாப் பாத்து வுழ வைக்கணும். இல்லாட்டி நிலாவ வுட்டே தள்ளி, சூரியனச் சுத்த அனுப்பிடணும். எதுவானாலும் முன்னாடியே எல்லாருக்கும் சொல்லிடணும்."

"அட, நம்ம வெடி மாதிரி!" என்றார் கூட்டாளி. வெடி வைத்தால் நாங்களும் ஏறி வரும் வழியை முதலில் சரிபார்ப்போம். நாலு பக்கமும் குரல் கொடுத்த பிறகுதான் பற்றவைப்போம்.

அவள் சிரித்தது கிணறு முழுக்கச் சுற்றி வந்தது. "இதையும் நாளைக்குச் சொல்றேன் மாமா" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தொண்டை கட்டியிருந்தது.

"கெணத்துல பேசற மாதிரியே பேசிட்டேம்பா. பக்கத்து கிளாஸ் டீச்சர் இன்னா சத்தம்னு வந்து எட்டிப் பாத்தாங்க."

எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்து, கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் இதை எழுதியது ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்.