வாலில் கிடந்த வீடு முதுகில் ஏறியது

பின்னால் ஒரு வீட்டை மாட்டி இழுத்துப் பிழைக்கிற தொழிலில், முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனைத் தவிர மற்ற எல்லாருக்கும் ஓட்டத் தெரியும். டிரெய்லர், தண்ணீர் டேங்கர், வைக்கோல் டிராக்டர் என்று எதையாவது கட்டி இழுத்துக்கொண்டு அலைகிற சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியவர்களுக்கு விளக்கினாலும் ஏறாது.

என் முதலாளி சுயம்பு துபாயிலிருந்து திரும்பி வந்தவர். அங்கே வெள்ளைக்காரர்கள் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ள வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய், நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். சும்மா உட்கார நம் ஊரில் ஆளா இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, மார்த்தாண்டத்தில் ஒரு கேரவனை வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தார். அதுவரை குளச்சலிலிருந்து கொல்லத்துக்கு மீன் லோடு அடித்துக்கொண்டிருந்த நான் அதற்கு டிரைவர் ஆனேன். கல்யாணமான பிறகு முதல்முறையாக, சட்டையைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு உள்ளே வா என்று என் மனைவி சொல்லாத நாள் அது. இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காற்றின் குற்றம்

முதல் கேரவன் பழைய மாதிரி. பிக்கப் வண்டியின் பின்பம்பரில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும், அதில் கேரவனின் மூக்கைக் கவிழ்த்து மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் வருகிறது, ஆனால் தன் இஷ்டத்துக்கு வருகிறது. பக்கத்தில் ஒரு பஸ் வேகமாகப் போனால் போதும், வால் ஆட்ட ஆரம்பித்துவிடும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றாலை வைத்தவன் பைத்தியக்காரன் இல்லை. அந்தக் காற்றில் சென்னைக் குடும்பம் ஒன்றைப் பக்கத்திலும் பின்சீட்டிலும் உட்காரவைத்து, பின்னால் கேரவன் இடதும் வலதுமாக இழுக்க, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் உருட்டி உருட்டி வந்து சேர்ந்தேன். என் உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டது. குடும்பத் தலைவர் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு சொன்னார்: "சர்வீஸ் எல்லாம் ஓகேதான் டிரைவர், ஆனா காத்துக்காக ஒரு ஸ்டார் குறைச்சுப் போடுறேன்."

எலுமிச்சம்பழத்தின் வழிகாட்டுதல்

காற்றுக்குக் குறைந்த ஸ்டார் முதலாளியைத் தூங்கவிடவில்லை. ஆட்டமே இல்லாத வண்டி என்று யாரோ சொல்ல, பட்டறையில் சொல்லி பிப்த் வீல் கேரவன் ஒன்று செய்வித்துக் கொண்டுவந்தார். இதற்கு நீண்ட கழுத்து. அந்தக் கழுத்து பிக்கப்பின் பின்தொட்டிக்குள் வந்து, அங்கே பதித்திருக்கிற ஒரு தடித்த இரும்புத் தட்டின்மேல் உட்காரும். கழுத்தின் அடியில் உள்ள முளையைத் தட்டின் தாடை கவ்விக்கொள்ளும். அதாவது வாலில் கிடந்த வீடு இப்போது முதுகில் ஏறிவிட்டது. ஆட்டம் இல்லை, உண்மைதான். ஆனால் நீளம் கூடுதல், உயரம் கூடுதல், என் முதலாளியின் பெருமை அதைவிடக் கூடுதல்.

சாவியைக் கையில் தரும்போது ஒரு நிபந்தனையும் தந்தார். ஓணத்துக்குள் ஒரு கீறல் விழுந்தாலும் சாவி கைமாறும். யார் கைக்கு என்றும் சொன்னார். முதலாளியின் மனைவிக்குத் தம்பி ஒருவர் இருக்கிறார். சவுதியில் டிரெய்லர் ஓட்டியவர், வந்து சில மாதங்களாகச் சாயக்கடைகளில் டீயை ஆற்றியபடி சவுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர். மச்சினனை எங்கள் பக்கத்தில் அளியன் என்போம். முதலாளிக்கு அளியன் என்றால் கம்பெனி முழுக்க அவர் அளியன்தான். எனக்கோ திரும்பவும் மீன் லோடு கண்முன்னால் வந்து நின்றது.

பூஜை போட்டோம். பூஜை முடிந்ததும் முதலாளி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரத்தைக் கட்ட இடம் தேடினார். கேரவனின் முதுகு வழவழவென்று இருக்கும், ஓரத்து ஏணியோ கால் படுகிற இடம், அதை விட்டால் நீட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கம்பி. அது பின்பக்கம் பார்க்கிற கேமராவின் கம்பி. அதிலே கட்டிவிட்டார். அன்று முதல் பின்னால் எடுக்கும்போது என் முன்னாலிருக்கும் திரையில் எனக்குத் தெரிவது ஓர் எலுமிச்சம்பழமும் ஏழெட்டு மிளகாயும் மட்டுமே. கொஞ்சம் தள்ளிக் கட்டலாமே என்று பணிவாகக் கேட்டேன். முதலாளி என்னை இரக்கத்தோடு பார்த்தார்: "இடிச்சா நேராக்கிக்கிடலாம் மக்கா, கண்ணு பட்டா நேராக்க ஒக்குமா?"

திற்பரப்பில் ஆசிரியர்கள்

பழைய வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், கேரவன் வெடுக்கென்று திரும்பும். புதியது அப்படியில்லை. சொன்னதை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். திரும்ப ஆரம்பித்தால் நிறுத்தவும் நேரம் எடுக்கும். இந்தப் பழக்கம் கைக்கு வருவதற்குள் திற்பரப்பு அருவிக்கு முதல் சவாரி வந்துவிட்டது.

வண்டியை மரங்களுக்கு நடுவே பின்னால் விட வேண்டும். குளிக்க வந்த கூட்டம் முழுக்க ஈரத் துண்டோடு எனக்குப் பாடம் நடத்த வந்துவிட்டது. ஒருவர் வரட்டு வரட்டு என்றார். ஒருவர் போதும் போதும் என்றார். இன்னொருவர் வாயைத் திறக்காமல் கையை மட்டும் சுழற்றினார், எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. திரையில் எலுமிச்சம்பழம் வேறு ஆடிக்கொண்டிருந்தது. வியர்த்துக் கொட்ட, முன்னால் போய்ப் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், ஒரு கீறல் இல்லாமல் கொண்டு நிறுத்தினேன். எல்லாரையும்விட உரக்கக் கத்தி, என்னை இரண்டு தடவை ரப்பர் மரத்தை நோக்கி அனுப்பிய மனிதர் ஜன்னலருகே வந்து அன்பாக விசாரித்தார்: "அண்ணன் இப்பந்தான் வண்டி படிக்கியளா?"

மட்டிக்குலை

இந்தப் புதிய வண்டியின் இன்னொரு நல்ல குணம், வளைவில் அது உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். முன்வண்டி போன தடத்தில் வராது. மூலையில் என்ன இருக்கிறதோ அதன் வழியாக வரும். நம் மாவட்டத்தில் மூலை என்று ஒன்று இருந்தால் அங்கே ஒரு சாயக்கடை இருக்கும். சாயக்கடை இருந்தால் முகப்பில் ஒரு பழக்குலை தொங்கும்.

குலசேகரம் போகும் வழியில் ஒரு திருப்பம். நான் நன்றாக அகலமாகத்தான் திருப்பினேன். போதவில்லை. கேரவனின் பின்பக்கத்து ஏணி, கடை முகப்பில் தொங்கிய மட்டிப்பழக்குலையைக் கயிற்றோடு மாட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்ணாடியில் எனக்கு அது தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே போனார்கள், நம் வண்டியின் அழகைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருந்த பெங்களூர்க்காரர்கள் அதை ஊர் மரியாதை என்று எடுத்துக்கொண்டு கையாட்டினார்கள்.

கடைக்காரர் பைக்கில் துரத்தி வந்து மறித்தார். நான் இறங்கி முதலில் வண்டியைத்தான் தடவிப் பார்த்தேன், கீறல் இல்லை. உயிர் வந்தது. பிறகுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த வரிசை அவருக்குப் பிடிக்கவில்லை. குலையை அவிழ்த்துப் பைக்கில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கொலைய மட்டும் எடுத்தியே, கடைய விட்டுட்டுப் போனதுக்கு நன்றி மக்கா."

உள்ளே யாராக்கும்?

கேரவன் என்றால் நம் ஜனங்களுக்குச் சினிமா. களியக்காவிளையில் மழையும் நெரிசலுமாக வண்டி நகராமல் நின்றபோது, உள்ளே ஒரு நடிகை இருப்பதாக யாரோ கிளப்பிவிட்டார்கள். நிமிஷத்தில் வண்டியைச் சுற்றிக் குடை. ஆள் ஏறி ஆள் இறங்கி ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்க்கிறார்கள். கைக்காப்பு, சாவிக்கொத்து, குடைக்கம்பி எதுவும் வண்டியில் உரசிவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. நடிகை யாரும் இல்லை, போங்கள் என்று கெஞ்சினேன். நான் மறைக்க மறைக்க அவர்களுக்கு நம்பிக்கை கூடியது.

கடைசியில் பணியிலிருந்த போலீஸ்காரரே வந்து, கதவைத் திறந்து காட்டிவிட்டால் கூட்டம் கலையும் என்றார். அவருக்கும் பார்க்க ஆசைதான். திறந்தேன். உள்ளே கோயம்புத்தூரிலிருந்து வந்த, ரிட்டயரான வாத்தியாரும் அவர் மனைவியும் நான்காய் மடித்த செய்தித்தாளில் வைத்து ரவை உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் கூட்டத்தைப் பார்த்து, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். முன்வரிசையில் நனைந்து நின்ற ஒருவன் என்னை முறைத்துவிட்டுத் திரும்பினான்: "இந்த உப்புமாவுக்காடே நீ இவ்ளவு கதவ பூட்டி வச்சிருந்த?"

சம்பந்திக்குப் போன குலை

முதலாளியின் மகளுக்கு இராஜாக்கமங்கலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்துக்குக் கேரவனில் போய் இறங்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. பெண் வீட்டார் வெறுங்கையோடு போக முடியுமா? பழுத்த ஏத்தங்குலைகள் வாழைத்தோப்பிலிருந்து வந்து இறங்கின. நம் ஆட்களுக்குப் பிக்கப் என்றால் அதில் தொட்டி இருக்கிறது, தொட்டி இருந்தால் அதில் ஏற்ற வேண்டும். அங்கே கேரவனின் கழுத்து உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னேன். கழுத்தைச் சுற்றி இடம் கிடக்கிறதே என்றார்கள். சுற்றிலும் குலையை அடுக்கி, விழாமலிருக்கத் தொட்டியின் பின்கதவையும் தூக்கிப் பூட்டினார்கள்.

அன்றைக்கு ஓட்டப்போவது அளியன் என்றும் முடிவாகியிருந்தது. குடும்ப விசேஷத்துக்குக் குடும்பத்து ஆள் ஓட்டுவதுதான் அழகாம். நான் பின்னால் கேரவனில் உறவுக்காரர்களின் செருப்புகளோடு வந்தேன். ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் நாளை முதல் சாவி அவருக்குத்தான் என்று எனக்குத் தெரியும். வண்டி நன்றாகத்தான் ஓடியது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மாப்பிள்ளை வீட்டு முற்றம். பந்தலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. கேரவனைக் கழற்றி நிறுத்திவிட்டுப் பிக்கப்பை மட்டும் பந்தலருகே கொண்டுபோய்க் குலைகளை இறக்கலாம் என்றார் அளியன். கழற்றுவதற்கு முன் கேரவனின் முன்கால்களை இறக்கி நிலத்தில் ஊன்ற வேண்டும். பின்கதவையும் இறக்க வேண்டும். அதன் பிறகே தாடையின் கைப்பிடியை இழுக்கலாம். அளியன் நேராகப் போய்க் கைப்பிடியை இழுத்தார். நான் ஓடிப்போய், கால் இறக்கவில்லையே அண்ணன் என்றேன். எனக்கு யாரும் படிச்சுத் தர வேண்டாம் என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். முதலாளியும் என்னைத்தான் முறைத்தார்.

பிக்கப் முன்னால் நகர்ந்தது. தாங்கியிருந்த தட்டு போய்விட்டதால் கேரவனின் கழுத்து அப்படியே கீழே விழுந்தது. விழுந்தது குலைகளின்மேல். பின்கதவு தகரம்போல மடங்கியது. கனிந்த ஏத்தம்பழம் நாலு பக்கமும் பீய்ச்சி, வரவேற்க நின்றவர்களின் வெள்ளை வேட்டியெல்லாம் மஞ்சள். இந்தச் சம்பந்தமே முறிந்துவிடும் என்று முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கன்னத்திலிருந்த பழத்தை ஒரு விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "எங்களுக்கு இன்னும் பல்லு இருக்கு சம்பந்தி, மசிச்சுக் கொண்டு வரணும்னு இல்ல."

அளியனின் விளக்கம்

அவர் சிரித்ததால் நிச்சயம் நடந்தது. சாப்பாடு முடிந்ததும் விசாரணையும் நடந்தது. குலைகள் மெத்தையாகக் கிடந்ததால் கேரவனுக்குப் பெரிய அடி இல்லை, ஆனால் பிக்கப்பின் பின்கதவு போனது போனதுதான். கீறல் விழுந்தால் சாவி கைமாறும் என்ற நிபந்தனையை முதலாளி மறந்துவிட்டார். நான் நினைவுபடுத்தவில்லை, பயம்தான் காரணம். நினைவுபடுத்தினால் நிபந்தனை என்மேல்தான் வந்து விழும் என்று அனுபவம் சொன்னது.

அளியன் கொஞ்சமும் கலங்கவில்லை. இத்தனை வருஷம் சவுதியில் ஓட்டிய மனிதருக்குக் கால் இறக்கத் தெரியாதா என்று பெண்ணின் சித்தப்பா கேட்டதற்கு, அந்தக் கேள்வியே அறிவில்லாதது என்பதுபோல அவரைப் பார்த்துச் சொன்னார்: "அங்க மாட்டுகதுக்கும் கழத்துகதுக்கும் வேற ஆளாக்கும்."

தீர்ப்பு

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நடந்தது கண்ணேறு என்று முடிவாகியிருந்தது. முன்பக்கமும் ஒரு எலுமிச்சைச் சரம் கட்டியாகிவிட்டது. சாவியை என் கையில் வைத்தார். மீன் லோடு இல்லை, சட்டை நாறாது, என் வேலை எனக்கே. கண் கலங்கிவிட்டது, அதைச் சொன்னால் என்ன. அந்தக் கலக்கம் தெளிவதற்குள் அடுத்த செய்தியையும் சொன்னார். இப்படி ஒரு சம்பவம் இனி நடக்காமலிருக்க, அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் என்கூட வண்டியில் இருப்பார்.

இப்போது ஒவ்வொரு சவாரியிலும் அளியன் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் என்னைவிடக் கூடுதல் என்று கேள்வி. ஊர் போய்ச் சேர்ந்து நான் வண்டியை நிறுத்தியதும், சீட்டை விட்டு எழாமல், கண்ணாடியை மட்டும் இறக்கிச் சொல்கிறார்: "மொதல்ல கால எறக்கு மக்கா, நெறைய பேரு அதுலதான் மாட்டிக்கிடுவானுவ."

பழைய வண்டியில் பின்னால் கிடந்து வாலாட்டியதைத்தான் இழுத்தேன், புதிய வண்டியில் அந்த ஆட்டமே அளியன் உருவில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து எனக்கு வழி சொல்லிக்கொண்டு வருகிறது.