ஒரு கண்ணோடு ஐந்தாம் வருடம்: கும்மிடிப்பூண்டி – சென்ட்ரல் லோக்கலில்

கண்ணுக்குள் கட்டி என்று டாக்டர் சொல்லிச் சென்னைக்குக் கிளம்பும் சிலர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். அதனால் போன செவ்வாய்க்கிழமைப் பயணத்தை எழுதுகிறேன். என் இடது கண்ணை எடுத்து ஐந்து வருடமாகிறது. வருடாந்திரப் பரிசோதனை.

காலை 6.50 லோக்கல். சென்ட்ரலுக்கு 48 கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய், ஒன்றரை மணி நேரம். பொன்னேரியில் என் அக்கா மேரி ஏறினாள். கல்யாணமாகி அங்கேதான் இருக்கிறாள்.

"நாஷ்டா துன்னியாடி?"

"ஸ்கேனுக்கு வெறும் வயித்தோட வரச் சொல்லிக்கீறாங்கக்கா."

"அப்போ நானும் துன்னல" என்று இட்லியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அத்திப்பட்டு அருகே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். இருபத்திரண்டு வயதில், இதே ரயிலில், தூசி விழுந்த வலது கண்ணை மூடிக் கசக்கினேன். இடது கண்ணுக்குப் புகைபோக்கிகளின் மேல்பாதி தெரியவில்லை. அப்போது சிப்காட்டில் எனக்கு உதிரிபாகங்களில் கீறல் பார்க்கும் வேலை.

"மெலனோமா. கண்ணுக்குள்ள வர்ற புற்றுநோய்" என்றார் சென்னை ஆஸ்பத்திரி டாக்டர். "நம்ம ஊர்ல வர்றதே அபூர்வம். வந்தாலும் பெரும்பாலும் நாற்பது வயசுக்கு மேலதான். கட்டி பெரிசாயிடுச்சும்மா, கண்ணை எடுத்தாகணும்."

அன்று திரும்பும்போது மீஞ்சூரில், கூட வந்திருந்த அக்கா எழுந்து என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். "இனிமே இந்தப் பக்கம் நான் பாத்துக்கிறேன்" என்றாள். அப்புறம் எத்தனையோ பயணங்கள். செயற்கைக் கண் வைத்த புதிதில் ரயிலில் பூ விற்ற அம்மா, "கண்ணு சோக்கா கீதும்மா" என்றபோது இருவரும் எண்ணூர் வரை சிரித்தோம். நோய்க்கு யார் ஏங்குவார்கள்? ஆனால் நாள் முழுக்க அக்கா எனக்கே எனக்காக இருந்த அந்த நாட்களுக்கு ஏங்குகிறேன்.

இந்த நோய் பரவினால் பெரும்பாலும் ஈரலுக்குத்தான் போகும். இந்த முறை ஈரல் ஸ்கேனில் ஒன்றுமில்லை.

"அப்போ இனிமே வர வேணாமா டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"வரணும்மா. இந்த நோய் பல வருஷம் கழிச்சும் திரும்ப வரலாம்."

போகிறவர்களுக்கு: பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் மங்கலாகத்தான் இருக்கும், தனியாகப் போகாதீர்கள். பார்வையில் நிழல் தட்டினால், சின்ன வயசுதானே என்று தள்ளிப்போடவும் வேண்டாம்.

மாலையில் பொன்னேரி வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. மாமாவுக்குப் போன் போட்டாள்.

"சோறு நீயே ஆக்கிக்கோ. நான் தங்கச்சி ஊட்டுக்குப் போய்க்கினு கீறேன்."

ரயில் கிளம்பியது.