காலியாக இருந்த ஏழாவது கட்டம்

எங்கள் ஒர்க்ஷாப்பில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது, ஆனால் அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் கட்டம் அண்ணன்தான். எந்நேரமும் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அங்கே வேலை செய்கிற ஒரே பெண்ணான நான், அவருக்கு எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நாங்கள் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை.

சர்வீஸுக்கு வருகிற பைக்கைச் சுற்றிப் பார்த்து, கீறல், நசுங்கல் எல்லாம் குறித்து ஜாப் கார்டு எழுதுவதுதான் அவர் வேலை. அடிபட்ட வண்டி வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை யாரும் கை வைக்காமல் காப்பதும் அவர் தலையில்தான். கம்பெனிகளை ஒப்பிடச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு பைசா கமிஷனும் கிடையாது. அது அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது.

கல்யாணமான புதிதில் அவர் வாங்கிய பைக் வீட்டு வாசலிலிருந்தே திருட்டுப் போயிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் இரண்டு சாவியும் வேண்டும் என்று கேட்டார்களாம். இரண்டாவது சாவி வீடு மாறியபோதே தொலைந்துவிட்டது. அப்படியானால் சாவியை வண்டியிலேயே விட்டிருப்பீர்கள் என்று எழுதி, கையை விரித்துவிட்டார்கள். மூன்று மாதம் அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அந்த எரிச்சலில் வாங்கியது முதல் நோட்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்தாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்துக்கு ஏழு கட்டம். கம்பெனி, பிரீமியம், சர்வேயர் எத்தனையாவது நாள் வந்தார், கேட்டதில் எவ்வளவு வெட்டினார்கள், பணம் எத்தனை நாளில் வந்தது, போனை எடுத்து மரியாதையாகப் பேசுகிறார்களா என்று ஆறு. ஏழாவது கட்டம் ஓட்டுபவருக்கான விபத்துக் காப்பீடு. வண்டிக்கு எடுக்கும் பாலிசியோடு கொஞ்சம் கூடக் கட்டினால், ஓட்டுபவர் உயிருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு ஒரு தொகை கிடைக்கும். பேருக்கு அது கட்டாயம்தான், ஆனால் வேறு பாலிசி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துத் தவிர்ப்பவர்கள் நிறைய. அதை எடுத்தவர்களுக்குக் கிடைத்ததா இல்லையா என்று எழுதத்தான் அந்தக் கட்டம்.

கம்பெனிகளுக்கெல்லாம் அவரே பெயர் வைத்திருந்தார். ஒன்று மாமியார்: எடுத்ததற்கெல்லாம் குற்றம் சொல்லும், ஆனால் கடைசியில் கொடுத்துவிடும். இன்னொன்று மாப்பிள்ளை: பாலிசி எடுக்கும்வரை தேனாகப் பேசும், அப்புறம் ஆளே மாறிவிடும். மூன்றாவது ஊமை, போனையே எடுக்காது. பாலிசி முடிகிற நேரத்தில் ஆட்கள் செல்போனில் நாலைந்து கம்பெனிகளின் விலையோடு வந்து அவர் மேஜை முன் நிற்பார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நோட்டைப் புரட்டுவார். விலை குறைவு என்று மாப்பிள்ளையிடம் போக நினைப்பவனை, பெண்ணைக் கொடுத்துவிட்டு அப்புறம் அழாதே என்று திருப்பி அனுப்புவார். சர்வீஸ் முடிந்து போனவர்களுக்கும் பத்து நாள் கழித்து அவரே போன் செய்து, கிளெய்ம் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்வார். அடுத்த வருஷம் பாலிசி முடிகிற நேரத்திலும் ஒரு போன் போடுவார். இரண்டு முறை எடுக்காவிட்டால் ஓரத்தில் 'தகவல் இல்லை' என்று போட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

இந்த நோட்டின் மேல் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. எனக்கு அது பிடிக்காது. நல்லவர்களுடைய கர்வத்தைச் சகித்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

கூரியர்க்காரர் என்று ஒருவர் வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். பைக்கின் பின்னால் ஆள் உயரத்துக்குப் பார்சல் பையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுகிறவர். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் மனைவியும் ஏழு வயதில் ஒரு பெண்ணும். கட்டம் அண்ணனைக் கேட்காமல் பைக்குக்கு ஒரு பல்புகூட வாங்க மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் பாலிசி முடிகிற சமயம் அவர் வந்தபோது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாமியாரிடமே போகலாம், சர்வேயர் நாலாவது நாள் வந்துவிடுவார், பத்தொன்பதாவது நாள் பணம் வந்துவிடும் என்று அண்ணன் அடித்துச் சொன்னார். கடைசியில் விபத்துக் காப்பீடு பற்றிப் பேச்சு வந்தது.

"அண்ணே, இதுவும் வேணுமா?"

அண்ணன் நோட்டை அவர் பக்கம் திருப்பி ஏழாவது கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். முழுக்கக் காலி.

"இருபது வருஷம் தம்பி. இதுல பணம் வந்துச்சுன்னு ஒருத்தர்கூட எங்கிட்ட வந்து சொன்னதில்ல. வீண் செலவு. விட்டுத் தள்ளு."

கூரியர்க்காரர் விட்டார். மிச்சமான பணத்தில் என்னிடம் ஒரு ஜோடி சைடு கண்ணாடி வாங்கினார். பழையது ஒரு பக்கம் உடைந்து பல மாதம் ஆகியிருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியான மழையில், பாலத்து வளைவில் பைக் வழுக்கி நடுச்சுவரில் மோதியது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை, அதனால் யார் மேலும் வழக்குப் போட வழியில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது. அவர் எங்கள் ஊழியரே இல்லை என்று கூரியர் கம்பெனி ஒரே வரியில் முடித்துக்கொண்டது.

பைக்கை அவர் மனைவி எங்களிடம்தான் அனுப்பி வைத்தார். முன்சக்கரம் இன்ஜினுக்குள் புகுந்திருந்தது. நான் விற்ற கண்ணாடியில் ஒன்று மட்டும் கீறல்கூட இல்லாமல் நின்றது. அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவர் முழுதாக உரித்திருக்கவில்லை. அன்று எனக்கு வேலை ஓடவில்லை. கேட்ட சாமானை விட்டு வேறெதையோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களோடு வந்தார். அழுது முடித்துவிட்ட முகம். கட்டம் அண்ணன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சர்வேயர் நாலாவது நாளே வந்து பார்த்துவிட்டார், வண்டி சரிசெய்ய முடியாத நிலை என்பதால் முழுத் தொகையும் வந்துவிடும் என்று விவரமாக எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"வண்டிக்குக் குடுப்பாங்க, சரிண்ணே. அவருக்கு?"

அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதைப் பாக்கப் போறீங்கண்ணே? உங்க வாயாலதானே வேணாம்னு சொன்னீங்க. உள்ளதைச் சொல்லிடுங்க."

"நோட்டைப் பாத்துட்டுச் சொல்றேம்மா."

தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர் எல்லா நோட்டுகளையும் மேஜையில் அடுக்கினார். பிரீமியத்தை வைத்து விபத்துக் காப்பீடு எடுத்தவர்களைக் கண்டுபிடித்து, அவர்களில் 'தகவல் இல்லை' என்று எழுதியிருந்தவர்களை மட்டும் ஒரு தாளில் பொறுக்கி எடுத்தார். முப்பத்தொரு பேர். அவர்கள் அடுத்த வருஷம் வராமல் போனதற்கு வண்டியை விற்றிருப்பார்கள், வேறு ஒர்க்ஷாப் போயிருப்பார்கள், நன்றி கெட்டவர்கள் என்று இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தார். ஸ்டோர் ரூமில் மூட்டை கட்டிக் கிடந்த பழைய ஜாப் கார்டுகளைத் தேடி, வீட்டு ஆட்களின் நம்பர் இருந்தால் அதை எழுதிக்கொண்டு, சோற்றைத் தொடாமல் ஒவ்வொன்றாகப் போன் போட்டார். மூன்று நாள் மத்தியானமும் இதே வேலை. சாப்பாட்டு டப்பா வந்தபடியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

பாதி நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் வண்டியை விற்றிருந்தார்கள். மூன்றாவது நாள் ஒரு வயதான அம்மா எடுத்தார். அவர் சத்தமாகப் பேசியது எனக்கே கேட்டது. மகன் போய் ஏழு வருஷம் ஆகிறதாம். இப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாதாம், பக்கத்து வீட்டுக்காரர்தான் பேப்பரைப் பார்த்துச் சொன்னாராம். பணம் வந்தது, அதை வைத்துத்தான் பேரன்கள் படித்தார்கள் என்றார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் இவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்த மாதிரி மொத்தம் மூன்று குடும்பங்கள் அகப்பட்டன.

மூன்றாவது குடும்பத்தோடு பேசி முடித்த பிறகு அவர் என் கவுண்டர் ஓட்டைக்கு வந்து நின்றார்.

"பணம் கிடைச்சவங்க ஒர்க்ஷாப்புக்கு எப்படிம்மா வருவாங்க? வந்து சொல்ல வேண்டிய ஆளே இல்லையே. நான் செத்தவங்க நம்பருக்குப் போன் பண்ணிட்டு, எடுக்கலைன்னு திட்டிட்டு இருந்திருக்கேன்."

என்னிடம் சண்டை போடுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. அந்தக் கட்டத்தை எத்தனை பேருக்கு இப்படி விரல் இழுத்துக் காட்டியிருப்பார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

பத்தொன்பதாவது நாள் வண்டிக்கான பணம் வந்தது. நோட்டு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. கையெழுத்துப் போட வந்த அந்தப் பெண்ணிடம் அண்ணன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தது நான்தான், நான் சொன்னது தப்பு, அது இருந்திருந்தால் உங்களுக்குப் பணம் வந்திருக்கும் என்றார். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார்.

"தெரியும்ணே. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னாரு, அண்ணன் செலவை மிச்சம் பண்ணிக் குடுத்தாருன்னு. கண்ணாடியைக் காட்டினாரு."

அப்படியானால் அன்றைக்கு வந்து ஏன் ஒன்றுமே தெரியாத மாதிரி கேட்டீர்கள் என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்கிற துணிவு யாருக்கும் வராது. அந்தப் பெண்ணே சொன்னார்.

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்."

அவ்வளவுதான். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் அண்ணன் கொஞ்சம் தேறியிருப்பார். அன்றிலிருந்து நோட்டு இழுப்பறையை விட்டு வெளியே வரவில்லை. யாராவது எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டால், எந்தக் கம்பெனியானாலும் விபத்துக் காப்பீடு எடுங்கள் என்று மட்டும் சொல்வார். கமிஷன் வாங்க ஆரம்பித்துவிட்டார் போல என்று சிலர் கேலி பேசினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வண்டிக்கு வந்த பணத்தில் வாங்கியது. பின்னால் அதே கூரியர் கம்பெனியின் பார்சல் பை. புருஷன் செய்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டார். இன்சூரன்ஸ் போட வேண்டும், நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று படிவத்தை அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் மாமியார் கம்பெனியையே எழுதினார். விபத்துக் காப்பீட்டுக்கு இரண்டு முறை அழுத்தி டிக் அடித்தார். பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் பெண் குழந்தையின் பெயர். குழந்தைக்கு வயது வரவில்லை என்பதால், பணத்தை வாங்கி அவளுக்காக வைத்திருக்கப் பெரியவர் ஒருவர் பெயரும் வேண்டும். யார் பெயரைப் போட என்று கேட்டார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்தப் பெண்ணுக்கு யாரும் இல்லை.

"உங்க பேரையே போடுங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெயரை எழுதினார். அடுத்தது குழந்தைக்கு அவர் என்ன உறவு என்ற கட்டம். அங்கே பேனா நின்றுவிட்டது. அந்தப் பெண் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அண்ணேன்னுதானே கூப்பிடுறேன். மாமான்னு போடுங்க. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனைச்சுக்காதீங்க. வேற ஆள் இல்ல."

அண்ணன் எழுதினார். அந்தப் பெண் அதைச் சரிபார்த்துவிட்டு, ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்து, அடுத்த பார்சலுக்குப் போய்விட்டார்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மழை பிடித்தால் அண்ணன் ஜாப் கார்டைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் போடுகிறார். அவர் எடுத்து, இருக்கேண்ணே என்று சொல்லி உடனே வைத்துவிடுவார். வேறு பேச்சு கிடையாது. சில நாள் வண்டியில் போய்க்கொண்டிருப்பதால் எடுக்க நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் நான் கண்ணாடித் தடுப்புப் பக்கம் திரும்புவதில்லை.