வெர்லாவின் ஒற்றைத் தண்டு

என் தம்பி டுவெய்னின் மனைவி வெர்லாவுக்குக் கைராசி கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நான்தான். எங்கள் அயோவாவில் தக்காளி காய்க்காத வீடு உண்டா? அவள் தோட்டத்தில் மட்டும் செடி இடுப்பளவு வளர்ந்து, பிஞ்சு விட்டதும் ஒரே நாளில் துவண்டு சாகும். பதினோரு வருடம் நட்டாள், பதினோரு வருடமும் செத்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து, இருட்டும்வரை தண்ணீர் ஊற்றுவாள். நான் என் தக்காளியைக் கூடையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுக்கும்போது சும்மாவா கொடுப்பேன்?

டுவெய்ன் இறந்த மறு மே மாதம், ஊரே இறந்தவர்களுக்குப் பூ வைக்கும் நினைவு நாளன்று கல்லறைக்குப் பிளாஸ்டிக் லில்லி கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் அன்று அவரவர் வீட்டில் பூத்ததைத்தான் வைப்போம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன்:

"உன் கையில எதுதான் தங்கியிருக்கு, வெர்லா?"

அவள் பிளாஸ்டிக் பூவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாக்குதான் எனக்கு எதிரி. அன்றைக்கே அது எனக்குத் தெரிந்தது, ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் துவண்ட செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, விவசாய அலுவலகத்துக்கு எடுத்துப்போனாள். அங்கே இருந்தவர் பக்கத்தில் கறுப்பு வால்நட் மரம் நிற்கிறதா என்று கேட்டாராம். அதன் வேரில் நஞ்சு, தக்காளிக்கு ஆகாது, ஐரிஸ் பூச்செடி தாங்கும் என்றாராம். இதை அவளே வந்து என்னிடம் சொன்னாள். அவள் தோட்டத்தோரம் நிற்பது என் தம்பி பத்து வயதில் நட்ட வால்நட் மரம். குழி வெட்டிக் கொடுத்தது நான். ஆனாலும் விட்டேனா? மரத்தை வெட்டிப் போடு என்றேன்.

"அவர் வச்ச மரம், அண்ணி. அது நிக்கட்டும். அதுக்குக் கீழ பூக்கறதைத்தான் அவருக்கு வைப்பேன்," என்றாள்.

தேவாலயத்துத் தோழிகளிடம் ஐரிஸ் கிழங்கு கேட்டு வாங்கி, ஆகஸ்டில் நட்டாள். குளிர் தாக்கக் கூடாதென்று ஆழமாகப் புதைத்து, மேலே மண்ணை மூடினாள். குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரிதான். மறு மே மாதம் இலை வந்தது, பூ இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய காரியம்.

அடுத்த இலையுதிர் காலத்தில் என் நாய் வேலி தாண்டிப்போய் அவள் பாத்தியைத் தோண்டிவிட்டது. வெர்லா எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவைதான் என்னைத் திட்டினாள், அது அன்றைக்குத்தான். மற்றதையெல்லாம் திரும்பப் புதைத்தாள். ஓரத்தில் கிடந்த ஒரு கிழங்கு மட்டும் அவள் கண்ணில் படவில்லை. அது முதுகு வெயிலில் தெரிய, அப்படியே வேர் பிடித்துக்கொண்டது.

ஆழத்தில் புதைந்த ஐரிஸ் பூக்காதாம், கிழங்கின் முதுகில் வெயில் பட வேண்டுமாம்; மே மாதம் பூத்தது அது ஒன்றுதான். வால்நட் தளிர்க்கும் முன்பே, மொட்டை மரத்தடி வெயிலில், கரு ஊதா நிறத்தில் மொட்டு விட்டது.

நினைவு நாளில் நான் வாளி நிறைய என் வீட்டுப் பியோனிப் பூ வைத்திருந்தேன். வெர்லா ஊறுகாய் ஜாடியில் அந்த ஒற்றைத் தண்டைக் கொண்டுவந்து டுவெய்ன் கல்லின் முன்னால் வைத்தாள். நான் கிட்டப் போனேன்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு, வெர்லா. உன் கைமேல தப்பே இல்ல."

அவள் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமா அதை நினைச்சு நினைச்சுத்தான் தண்ணி ஊத்தினேன், அண்ணி."

நான் அழுதேன். அதற்குள் காற்று எழுந்தது. மேலே பூ கனம், ஜாடியோ சிறிசு. சாயப் பார்த்தது. என் வாளியைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.